பச்சைப் பேனையால் நான் எழுதிய பெயர்

அன்பு மகள் ஆரணிக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்க ஒன்பது தரம் போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. சித்தப்பாவின் போனை ஒன்பது தரம் எடுக்காமல் விடுகிற அளவுக்கு உடம்பில் தெம்பு இருக்கிறதென்றால் நீயும் சுகம்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். இன்னும் ஆறு கிழமையில் ஒடென்சேயில் உனக்குக் கல்யாணம். அதற்கு முன் இதை உன் கையில் சேர்க்கவேண்டும் என்பதால் எழுத உட்கார்ந்தேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும் என்று தெரியும். எழுத்துக் கூட்டி ஆறுதலாக வாசி. விளங்காத இடத்தில் அம்மாவிடம் கேள். இந்தக் கடிதம் நீல மையில் இருப்பதை இதற்குள் கவனித்திருப்பாய். பச்சைப் பேனை இல்லாத சித்தப்பாவை நீ பிறந்த நாளிலிருந்து கண்டதில்லை. அது ஏன் என்பது பின்னால் வரும்.

உன் கோபம் எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். ரண்டர்ஸ் தமிழ்ச் சங்க மண்டபத்தில் பொங்கல் விழா அன்று, கையில் வடைத் தட்டோடு நின்று நான் சொன்னேன்: "அண்ணை தன்ர பென்சனை என்ர பேரிலயெல்லோ எழுதி வைச்சிட்டுப் போனவர். பெண்சாதி பிள்ளைக்கில்லை, எனக்கு! ஏன் சொல்லுங்கோ? ஆளைத் தெரிஞ்சு வைச்சிருக்கிறார்." இதை நாலு பேரிடம் சொன்னேன். சரி, நாற்பது பேர் இருக்கும். அன்று பின்னேரமே அது உன் காதுக்கு வந்துவிட்டது. நீ போன் எடுத்து டெனிஷில் ஒரே ஒரு கேள்வி கேட்டாய்: அப்பா அம்மாவின் பெயரை எழுதவே இல்லையா? நான் பெருமையாக, "ஓம் மகள், பேப்பரில கிடக்கு" என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். உன் கோபம் என் மேல்தான் என்று நினைத்தேன். என் மேல் வருகிற கோபம் எனக்குப் பழக்கமானது, மழை மாதிரி, கொஞ்சம் ஒதுங்கி நின்றால் விட்டுவிடும். அது என் மேல் வந்த கோபமல்ல, செத்துப்போன உன் அப்பா மேல் வந்தது என்று விளங்க எனக்கு மூன்று மாதம் எடுத்தது.

நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேர் முன்னால்தான் திருத்தவேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தை எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் நீ வாசிக்கவேண்டும். நீ ஓம் என்றால் மட்டும் அச்சுக்குப் போகும், பெயரை மாற்றச் சொன்னால் மாற்றிவிடுவேன். உன்னைக் கேட்காமல் இனி ஒன்றும் செய்வதில்லை என்பது புதிதாக நான் எடுத்திருக்கிற விரதம்.

முதலில் பச்சைப் பேனை. ஊரில் கச்சேரிக்கு, அதுதான் அரசாங்கக் காரியாலயத்துக்கு, போனால் பெரிய உத்தியோகத்தர் மட்டும்தான் பச்சை மையில் கையெழுத்து வைப்பார். சாதாரண தரப் பரீட்சையில் நான் இரண்டு முறை குண்டடித்தவன். ஆனாலும் டென்மார்க்கில் எனக்குக் கிடைத்த முதல் சம்பளத்தில் நான் வாங்கியது பச்சைப் பேனைகள், ஒரு பெட்டி. மொழிப் பள்ளிக்கூடத்து ரீச்சர் என்னைப் பார்த்து, "நீ இங்கேயே பிறந்திருக்கவேண்டியவன்" என்று சொன்னதாக உனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். அவ சொன்னது "பரவாயில்லை" என்பதுதான். ஆனால் அந்தப் பரவாயில்லையை வைத்து நான் ரண்டர்ஸ் முழுவதுக்கும் படிவம் நிரப்பினேன். கொம்யூன் என்கிற நகரசபைக்கு, வீட்டுக்கு, பிள்ளைப் பணத்துக்கு, வரிக்கு, எல்லாம் பச்சையில். "சின்னவனிட்டக் குடு, அவன் விண்ணன்" என்று ஆட்கள் சொல்ல, எனக்கு மார்பு இரண்டு அங்குலம் ஏறும். நான் நிரப்பியதில் பாதி சரியாகவே இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா எனக்கு மூன்று வருடம் மூத்தவர், எனக்கு முன்னே வந்தவர். பன்றி இறைச்சித் தொழிற்சாலையில் அவர் வெட்டுகிற வரிசையில், நான் பெட்டி அடுக்குகிற இடத்தில். ஊரில் செவ்வாய் வெள்ளி முட்டைகூடத் தொடாத குடும்பம் நாங்கள். அவர் காலையில் திருநீறு பூசிக்கொண்டு போய் நாள் முழுவதும் பன்றி வெட்டுவார், ஒரு முகச்சுளிப்பு இருக்காது. நான் பெட்டி அடுக்குவதை ஏதோ கப்பல் ஓட்டுவதுபோல் சொல்லித் திரிவேன். ஒரே அறையில் இருந்தோம். அவர் ஒரு நாளில் பேசுகிறதை நான் பல் துலக்குகிற நேரத்துக்குள் பேசிவிடுவேன்.

ஒரு நாள் தொழிற்சாலையில் எல்லோருக்கும் பென்சன் போடப்போகிறார்கள் என்று அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். சம்பளத்தில் கொஞ்சம், முதலாளி கொஞ்சம், வயது போனபின் தவணை தவணையாகத் திரும்பி வரும். மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று கேட்டபோது, "நானிருக்கேக்க என்னத்துக்கு?" என்று சொல்லி அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். படிவத்தின் அடியில் ஒரு பெட்டி.

"இதென்னடா கேக்கினம்?"

"நீங்கள் செத்தால் காசு ஆருக்கு எண்டு கேக்கினம் அண்ணை."

"சேர்ந்த அண்டைக்கே சாகச் சொல்லுறாங்களோ?"

"சும்மா ஒரு வழக்கம். பேரைச் சொல்லுங்கோ."

அவர் யோசிக்கவே இல்லை. "தங்கச்சியின்ர பேரை எழுது. அவளுக்குத்தான் இன்னும் ஒண்டும் சரிவரேல்லை. எனக்கு ஏதும் எண்டால் அவளின்ர சீதனத்துக்காவது உதவட்டும்."

நான் பேனையை எடுத்தேன். பெயருக்குப் பக்கத்தில் சிபிஆர் நம்பருக்குப் பத்துக் கட்டம் இருந்தது. இந்த நாட்டில் ஆளுக்கொன்று உண்டு, யாழ்ப்பாணத்தில் இருக்கிற எங்கள் தங்கச்சிக்கு, உன் மாமிக்கு, எங்கே இருக்கும்? அந்தப் பத்துக் கட்டமும் வெறும் வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தன. மேசைக்கு அந்தப் பக்கம் அலுவலகப் பெண் காத்திருந்தா. "வெளிநாட்டில் இருக்கிறவர் என்றால் இதில் என்ன எழுதுவது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவ சொல்லித் தந்திருப்பா. நான் கேட்கவில்லை. மொழிபெயர்க்க ஆள் வேண்டாம் என்று சொல்லி ஐந்து நிமிடம் ஆகவில்லை, அதற்குள் எப்படிக் கேட்பது? டென்மார்க் முழுவதிலும் எனக்கு மனப்பாடமான நம்பர்கள் இரண்டு, அண்ணையின் நம்பரும் என் நம்பரும். என் பெயரையும் என் நம்பரையும் எழுதினேன். காசு எனக்கு வந்தால் தங்கச்சிக்குக் கொடுக்காமலா விடப்போகிறேன் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன்.

"எழுதியாச்சோ?"

"எழுதியாச்சு அண்ணை."

அவர் தமிழில் கையெழுத்து வைத்தார். பிறகு என் படிவம் வந்தது, அதே பத்துக் கட்டத்தோடு. அதில் அவருடைய நம்பரை எழுதினேன். வெளியே வரும்போது, "டெனிஷ் போமெண்டால் இவ்வளவுதான்" என்று சொன்னது நினைவிருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். உன் மாமிக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் வந்து அவ கனடா போய்ச் சேர்ந்தா. அடுத்த வருடம் உன் அம்மா வந்தா, கொம்யூனில் பதிந்து கல்யாணம் முடிந்தது. முடிந்து ஒரு கிழமை இருக்கும். வேலையில் உடுப்பு மாற்றுகிற அறை, அண்ணை ஒரு காலில் சப்பாத்தும் மற்றக் கால் வெறுங்காலுமாக நின்று கேட்டார்:

"டேய், அந்தப் பென்சன் போமில தங்கச்சியின்ர பேரெல்லோ கிடக்கு. இனி இவளின்ர பேருக்கு மாத்தவேணும். என்ன செய்யிறது?"

"அண்ணை, உது தன்ர பாட்டில மாறும். கொம்யூனில பதிஞ்சால் அங்க போய்ச் சேர்ந்திடும். இது டென்மார்க், எங்கட கச்சேரி இல்லை."

"மெய்யே?"

"நான் சொல்லுறன்."

அந்த "நான் சொல்லுறன்" என்ற இரண்டு சொல்லுக்கு அவர் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஆனாலும் நீ பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, உன்னை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டார். "டேய், பிள்ளையின்ர பேரும் அதில சேருமோ?" நான் உன் விரலைப் பிடித்து விளையாடிக்கொண்டே, "எல்லாம் சேரும் அண்ணை, சும்மா இருங்கோ" என்றேன். இரண்டு தரம் கேட்டவர், மகள். ஒரு தரம் உன் அம்மாவுக்காக, ஒரு தரம் உனக்காக. தங்கச்சியின் பெயர்தான் அங்கே கிடந்தது, அது உங்கள் பெயருக்கு மாறிவிட்டது என்று நம்பிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்.

அது தன்பாட்டில் மாறுவதில்லை. இதை நான் படித்தது இந்த வருடம்தான். அந்தப் பெட்டியில் ஒரு பெயரும் எழுதாமல் விட்டால் சட்டமே மிக நெருங்கிய ஆளைத் தேடிப் போகும். முதலில் கட்டிய மனைவி அல்லது புருஷன், இல்லையென்றால் கூட வாழ்ந்தவர், பிறகு பிள்ளைகள். வெறுமையாக விட்டிருந்தால் எல்லாம் ஒழுங்காக நடந்திருக்கும்! ஆனால் ஒரு பெயரை எழுதிவிட்டால் அந்தப் பெயர்தான். அது அங்கே இருக்கும்வரை சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்கும்.

இரண்டாவது பிழையையும் இங்கேயே வைத்துவிடுகிறேன், துணிவு இருக்கும்போதே. அண்ணை வேலையை விட்டு வைலே நகரத்து வீட்டில் இருக்கத் தொடங்கியதும் பென்சன் கொம்பனியிலிருந்து கடிதம் வந்தது. தவணைப் பென்சனை எப்போது தொடங்க விருப்பம்? பத்து வருடத்துக்குக் குறையாமல் பிரித்து எடுக்கவேண்டும். கொஞ்சக் காலம் தள்ளிவைக்கலாம், ஆனால் கடைசித் தவணைக்கு ஓர் எல்லை உண்டு. உன் அப்பாவுக்கு உடனே தொடங்க ஆசை. அம்மாவையும் கூட்டிக்கொண்டு டொராண்டோ போய்த் தங்கச்சியைப் பார்க்கவேண்டும் என்று விமானச் சீட்டு விலைகூட விசாரித்திருந்தார். என்னிடம் கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. "தொடாதேங்கோ அண்ணை, இதைத் தொட்டால் அரசாங்கப் பென்சன் நிண்டுபோம்" என்றேன். அது நிற்காது. அதற்கு மேல் கொடுக்கிற ஒரு சேர்ப்புத் தொகை ஆளைப் பொறுத்துக் குறையலாம், அவ்வளவுதான். யாரோ பாதி சொல்ல நான் பாதி கேட்டு, அதை முழுதாக விற்றேன். அவர் தள்ளிவைத்தார். பதினாலு மாதத்தில் நெஞ்சு நோவு வந்தது. தன் கையால் உழைத்ததில் ஒரு தவணைகூட எடுக்காமல் போனார்.

காசைத் தவணை தவணையாக எடுத்தே ஆகவேண்டும் என்கிற அந்தச் சட்டத்தை இப்போது நினைத்தால் எனக்கு அதன் மேல் ஒரு மரியாதை வருகிறது. எங்கள் ஆட்களுக்குச் சேமி என்று சொல்ல ஆள் தேவையில்லை. எடு, இது உன்னுடையது, எடுத்துச் சாப்பிடு என்று சொல்லத்தான் ஆள் தேவை. பந்தியில் தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு "போதும் போதும்" என்கிற மனுஷனுக்கு வலுக்கட்டாயமாகப் பாயசம் ஊற்றுவோமே, அப்படி ஒரு சட்டம் அது. ஊற்ற வந்த கையைத் தட்டிவிட்டவன் நான்.

அவர் போய்ச் சில மாதத்தில் என் டிஜிட்டல் தபாலில் கொம்பனியின் கடிதம். உங்கள் சகோதரரின் பென்சனுக்கு நீங்கள் பெயர் குறிப்பிடப்பட்டவர், கணக்கு நம்பரும் கையெழுத்தும் தாருங்கள் என்று. மகள், இதை நீ நம்புவாயோ தெரியாது. அந்தக் கணத்தில் அந்தப் பழைய அலுவலகமும் பத்துக் கட்டமும் எனக்கு நினைவுக்கே வரவில்லை. என் கண்ணில் பட்டது ஒன்றுதான்: அண்ணை என் பெயரை எழுதியிருக்கிறார். ஒரு நாளும் என்னை நல்லவன் வல்லவன் என்று சொல்லாத மனுஷன். "வாயை மூடடா" என்பதுதான் அவர் எனக்குச் செய்த அதிகபட்சக் கொஞ்சல். எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. வந்த சம்பந்தம் பத்து என்று சொல்வேன், உண்மையில் இரண்டு, இரண்டும் என்னோடு ஒரு தேத்தண்ணி குடித்தபின் போய்விட்டன. அப்படிப்பட்டவனை, உலகத்தில் இத்தனை பேர் இருக்க, அண்ணை தெரிந்தெடுத்திருக்கிறார் என்றால்? மண்டபத்தில் நான் வடையோடு நின்று அளந்தது காசைப் பற்றி இல்லை. காசை அண்ணியிடம்தான் கொடுக்க இருந்தேன். இந்த ஒன்றில் புளுகு இல்லை. ஆனால் எப்படிக் கொடுக்க இருந்தேன் என்பதையும் கேள். உன் கல்யாண மண்டபத்தில், எல்லோரும் பார்க்க, ஒரு தாம்பாளத்தில் வைத்து. பார்த்தாயா, அதிலும் நான்தான் மாப்பிள்ளை.

அந்தப் பெயரை அண்ணையின் கையெழுத்தோடு ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்ட ஆசைப்பட்டேன். ஃபிரேமும் வாங்கிவிட்டேன், தங்க நிறக் கரை. கொம்பனிக்கு எழுதி, பழைய படிவத்தின் பிரதி ஒன்று கேட்டேன். இரண்டு கிழமையில் வந்தது. திறந்தேன். கீழே அண்ணையின் தமிழ்க் கையெழுத்து, குண்டு குண்டாக. மேலே என் பெயர். பிரதியில் பச்சை தெரியவில்லை, எல்லாம் கறுப்பு. ஆனால் எழுத்து இடது பக்கம் சாய்ந்து கிடந்தது, காற்றில் சாய்ந்த வேலி மாதிரி. நம் குடும்பத்தில் இடது கையால் எழுதுகிறவன் நான் ஒருவன்தான். அப்போதுதான் எல்லாம் வந்தது: அந்த மேசை, காத்திருந்த பெண், "தங்கச்சியின்ர பேரை எழுது". என்னை யாரும் தெரிந்தெடுக்கவில்லை. என்னை நானே எழுதிக்கொண்டேன். ஃபிரேமைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பற்றுச்சீட்டு இல்லையென்றாலும் அந்தக் கடைப் பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டா.

பிறகு கொம்பனிக்குப் போன் எடுத்தேன். பேசியவ நல்ல பொறுமைசாலி. அவ சொன்னது இது. நான் காசை வாங்கினால் அதில் பெரிய வெட்டு விழும். வாங்கியபின் அண்ணிக்குக் கொடுத்தால் அது நான் கொடுக்கிற அன்பளிப்பு, அதற்கும் வரி. ஆனால் ஒரு குரோனராவது தொடும் முன், "எனக்கு வேண்டாம், விலகுகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் அது அண்ணையின் வீட்டுக்கே போகும். அதை அவ முதல் தரம் சொன்னபோது எனக்குப் பாதிதான் விளங்கியது. வழக்கமாக அந்த இடத்தில் "ஓம் ஓம், விளங்குது" என்பேன். அன்று சொன்னேன், "எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தரம் சொல்லுங்கள்." மூன்று தரம் சொல்லவைத்தேன். முப்பத்தைந்து வருடத்தில் அந்த வசனத்தை டெனிஷில் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. உச்சரிப்பு அபாரம், அதையும் பதிவுசெய்கிறேன்.

அந்தக் கிழமையே றெயில் ஏறி வைலேக்குப் போனேன். அண்ணி முதியோர் இல்ல வேலையால் வந்து, நோவுக்கு உறைந்த பட்டாணிப் பையை முழங்காலில் வைத்துக்கொண்டு இருந்தா. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். கதையில் ஒரு பூச்சும் இல்லாமல் சொல்ல எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"அப்ப அது உம்மட எழுத்தோ?"

"ஓம் அண்ணி."

"மூண்டு மாசமா ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சீரே தம்பி. நீர் செத்தாலும் உம்மட வாயைத் தனியாக் கொல்லவேணும்."

"ஓம் அண்ணி."

அவ பட்டாணிப் பையை மற்றப் பக்கம் திருப்பி வைத்தா. பிறகு, "அவர் ரெண்டு தரம் கேட்டவரோ?" என்றா.

"கட்டின கிழமை ஒருக்கா. பிள்ளையை வீட்ட கொண்டுவந்த அண்டைக்கு ஒருக்கா."

"சப்பாத்து ஒரு காலில எண்டு சொன்னீர். அது மெய்யோ, நீர் சேர்த்ததோ?"

"மெய் அண்ணி. மற்றக் கால் வெறுங்கால்."

அவ தலையைத் திருப்பி யன்னலைப் பார்த்தா. "அப்பிடித்தான் அவர். ஏதும் யோசினை வந்தால் அரைவாசி உடுப்போட நிண்டிடுவார்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா: "காசு கிடக்கட்டும். இதை முதல்ல பிள்ளைக்குச் சொல்லும். அவள் தகப்பன்ர படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைச்சிருக்கிறாள். எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாள்."

விலகல் கடிதத்தை அச்சடித்துக் கொண்டுபோயிருந்தேன். அங்கேயே மேசையில் வைத்துச் சட்டைப்பையில் கைவிட்டேன். அண்ணி என் கையைப் பார்த்துவிட்டு, "அந்தப் பச்சையை உள்ள வையும். இதால எழுதும்" என்று தன் வேலைப் பையிலிருந்து ஒரு நீலப் பேனையைத் தந்தா. அதால்தான் கையெழுத்து வைத்தேன், அதால்தான் இதையும் எழுதுகிறேன். கடிதம் கொம்பனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, ஒத்துக்கொண்டு பதிலும் வந்துவிட்டது. இனி அது எப்படி வரும், தவணையாகவா மொத்தமாகவா, எவ்வளவு வெட்டுவார்கள் என்பதை அவர்களே அண்ணிக்கு எழுதுவார்கள். எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது. சொல்லமாட்டேன். வந்தபின் அவ அந்த வேலையைப் பாதியாக்கிக்கொள்ளட்டும், ஒரு முறை டொராண்டோவும் போய்வரட்டும். நீயும் சொல்லு, நீ சொன்னால் கேட்பா.

உனக்கு இரண்டு விஷயம். பத்தொன்பது வயதில் முதல் வேலைக்குப் போனபோது உன் பென்சன் படிவத்தையும் நான்தான் நிரப்பினேன், பச்சையில். பெட்டியில் உன் அப்பாவின் பெயரை எழுதினேன். அது இன்னும் அங்கேதான் இருக்கும். நீ கல்யாணம் கட்டினாலும் தன்பாட்டில் மாறாது. நீயே திறந்து பார், விளங்காவிட்டால் போன் எடுத்துக் கேள், வெட்கப்படாமல் மூன்று தரம் கேள். மாப்பிள்ளையையும் பார்க்கச் சொல்லு, அவர் பெட்டியில் யார் இருக்கினமோ. கல்யாணத்துக்கு முன் சாவைப் பற்றிக் கதைப்பது அபசகுனம் என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு. அபசகுனம் எது என்று நான் சொல்கிறேன். மற்றது, உன்னைத் தாரைவார்த்துக் கொடுக்க அப்பாவின் இடத்தில் நான் நிற்பதாக முன்பு ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தேன். அண்ணியே நிற்கட்டும். ஐயர் ஏதாவது இழுத்தால் அவரோடு கதைக்கிற வேலையை மட்டும் எனக்குத் தா. அந்த ஒரு வேலைக்கு என் வாய் போதும்.

வருகிற வருடம் எனக்கும் பென்சன். எப்போது தொடங்க விருப்பம் என்று கேட்டிருக்கிறார்கள், முதல் மாதத்திலிருந்தே என்று எழுதிவிட்டேன், ஊற்றுகிற பாயசத்தைக் குடித்துவிடுவோம். ஆனால் என் பெட்டியில் இன்னும் உன் அப்பாவின் நம்பர்தான் கிடக்கிறது. அதை எடுத்துவிட்டு யாரை எழுதுவது? எனக்கு மனப்பாடமான இன்னொரு நம்பர் இந்த நாட்டில் ஒன்றே ஒன்று. உன்னை நேர்சரியில் சேர்த்த நாளிலிருந்து அதை எத்தனை படிவத்தில் எழுதியிருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு எழுதுவேன். இந்த முறை கேட்காமல் எழுதமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்தாவது தரம் அடிப்பேன். ஓம் என்றாலும் சரி, வெறுமையாக விடுங்கள் என்றாலும் சரி, எடுத்து உன் வாயால் சொல்லு.

எடுக்க மனமில்லையென்றால் அதுவும் பரவாயில்லை. அந்தப் படத்தை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வை. அவர் இரண்டு தரம் கேட்டவர். பிழையாகப் பதில் சொன்னவன் நான்.

உன் சித்தப்பா